குணாளன் அங்கிள் நாய் வாங்கப் போன கதை

கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுக் குணாளன் அங்கிள், பந்திங் ஊருக்குப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எந்தச் சாலைச் சந்திப்பிலும் தயங்காத மனிதர், ஒரு நாய் வாங்குவதற்குள் என் உயிரை வாங்கிவிட்டார். செலாயாங்கில் நாய் விற்கும் நண்பர் இவருக்குப் பீகிள் ஒன்றையும் பாசெட் ஹவுண்ட் ஒன்றையும் காட்டியிருக்கிறார். இரண்டும் மோப்பம் பிடிக்கும் வேட்டை நாய்கள்.

காலையில் வேலியோரம் வந்து, “பீகிள்தான்லா. திருடன் வந்தா கத்தும்” என்பார்.

மாலையில், “பீகிள் ஓயாம கத்துமாம். பாசெட் சாது, சோபாவிலேயே கிடக்கும்” என்பார்.

“அப்ப அதையே வாங்குங்க அங்கிள்.”

“அது சொன்ன பேச்சு கேக்காதாமே!” என்று என்மீதே எரிந்து விழுவார். நாய் வாங்குவது நானா, அவரா?

நேற்று என் எதிரிலேயே மனைவி தேவகியிடம் தீர்ப்புக் கேட்டார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆன்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஓயாம கத்துறதுக்கும், சோபாவுல கிடந்துக்கிட்டு சொன்ன பேச்சு கேக்காம இருக்குறதுக்கும் வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆளு இருக்கு. அதுக்கே நான்தான் சோறு போடுறேன். இன்னொண்ணு எதுக்கு?”

அங்கிள் வேலியில் சாய்ந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

“அவ என்னைய பீகிள்ன்னு சொல்றாளா, பாசெட்டுன்னு சொல்றாளா?”