ஜெர்மனிக்குப் போன மிளகு முந்திரி

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை, மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த காலையில், மந்தாரக்குப்பத்திலிருந்து வேன் கிளம்பியது. மிளகு போட்டு வறுத்த முந்திரிப் பாக்கெட்டுகள் பெட்டி பெட்டியாக ஏறின. அவற்றோடு ஜெர்மனிக்குப் போக வேண்டிய செந்தாமரை ஏறவில்லை. முன் சீட்டில் ஜெயகணேஷ் உட்கார்ந்திருந்தார்.

பண்ருட்டியில் அவருடைய கொட்டகையில்தான் செந்தாமரை சின்ன வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தாள். ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் விரல் தோலைத் தின்றது. அதைவிட அவர் வாய் அதிகம் சுட்டது. ஒருநாள் ஒன்பது பெண்களோடு வெளியேறி, மந்தாரக்குப்பத்தில் பருப்பு வாங்கி வறுத்து விற்கும் குழுவை ஆரம்பித்தாள். பக்கத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வீடுகளில் நடந்த விற்பனை மட்டும் போதவில்லை. பெரிய ஆர்டர் ஒன்று வராவிட்டால் பத்துப் பேரும் அதே கொட்டகைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் தொழில் துறை அதிகாரி வந்தார். "உங்கள மாதிரிக் குழுக்கள் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகணும்னு கவர்மென்ட்டே ஊக்கப்படுத்துதும்மா. ஸ்டால், டிக்கெட் எல்லாம் எங்க பொறுப்பு."

விசாவுக்காகச் சென்னையில் கைரேகை எடுத்தார்கள். செந்தாமரை கண்ணாடியில் விரல்களை வைத்தாள். துடைத்துவிட்டு வைத்தாள். ஈரம் தொட்டு வைத்தாள். ரேகை விழவேயில்லை. கொட்டை உடைத்துத் தேய்ந்த விரல் என்று சொன்னாள். தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். கிளம்பும் நாள்வரை விசா வரவில்லை.

"ஸ்டால் காலியா கெடக்கக் கூடாதும்மா. ஜெயகணேஷ் சாருக்கு விசா இருக்கு. உங்க சரக்கையும் அவரே காட்டட்டும்" என்றார் அதிகாரி.

வேன் கிளம்பும் முன், குழுவில் மூத்தவளான பட்டம்மாள் செந்தாமரையின் கையைக் கிள்ளினாள். "ஏன்டி, எவங்கிட்டேந்து ஓடியாந்தமோ அவங்கிட்டயே பெட்டிய ஏத்திவுட்டுகினு நிக்கிறியே!"

"வேற யாருக்கா போறது?"

ஜெயகணேஷ் ஜன்னல் வழியாகச் சிரித்தார். "பயப்புடாத செந்தாமர. ஒன் மொளவு வெள்ளக்காரனுக்கு ஒறச்சா நான் தண்ணி குடுத்துக்கிறேன்."

திரும்பி வந்தவர் வெறுங்கையை விரித்தார். "எல்லாரும் நல்லாத்தான் தின்னாங்க. ஆர்டர்தான் ஒருத்தனும் தரல."

தை பிறப்பதற்குள் பட்டம்மாள் கொட்டகைக்குப் போய்விட்டாள். ஒவ்வொருத்தியாகப் பின்னாலேயே போனார்கள். கடைசியாகப் போனவள் செந்தாமரை.

"ஒன் எடத்த யாருக்கும் குடுக்கல. போயி ஒக்காரு" என்றார் ஜெயகணேஷ்.

மறு வருஷம் ஆடியில், கொட்டகையில் சாப்பாட்டு வேளையில், தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது:

"வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்து ஆள். ஜெர்மனியில பலசரக்குக் கடையள் வச்சிருக்கிறன். கண்காட்சியில உங்கட மிளகு முந்திரி சாப்பிட்டனான். மாசாமாசம் வேணும் எண்டு அங்கேயே கேட்டன். அந்தக் குழு கலைஞ்சு போச்சு எண்டு ஸ்டாலில நிண்டவர் சொன்னவர். பிறகு அவரிட்டத்தான் வாங்கிறம், ஆனா அந்த ருசி இல்லை. பழைய பாக்கெட் ஒண்டு இண்டைக்குக் கிடைச்சுது, அதில உங்கட நம்பர் இருந்தது. உண்மையாவே கலைஞ்சு போச்சுதா அக்கா?"