முத்துவடிவின் கோடு

இலஞ்சியில் ஊர் நிலக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை குத்தாலிங்கம் பிள்ளையின் தங்கை முத்துவடிவும் நானும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பதினாலு வயதில் அவளைக் கடையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணியாகப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, கடிதம் போடுவதையும் நிறுத்திவிட்டான். அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நானோ டாக்டரான என் அண்ணனோடு ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று ஒன்பது வருஷம் சுற்றிவிட்டு 1937 ஐப்பசியில் தென்காசிக்குத் திரும்பினேன். பினாங்கில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியிடம் இரண்டு வருஷம் ஓவியம் படித்தவள். இருபத்துமூன்று வயதாகியும் கல்யாணமாகாமல் வந்ததால் வீட்டில் தினம் ஒரு ஜாதகம் வந்து இறங்கியது. எங்கேயாவது கிளம்பிவிட வேண்டும் என்று கால் பரபரத்தது.

மார்கழியில் வழி தெரிந்தது. திருவனந்தபுரத்துக் கல்லூரியில் தாவரங்களைப் பற்றிப் பாடம் நடத்தும் மிஸ் சாக்கோ குற்றாலத்தில் ஒரு பங்களாவில் வந்து தங்கியிருந்தார். குற்றாலத்திலிருந்து நீலகிரி வரை ஒரு வருஷம் நடந்து மலைச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதப்போகிறார். செடி முளைக்கிற நிலத்தைப் பேனாவாலும் வர்ணத்தாலும் வரைய ஒரு பெண் கூட வர வேண்டும். என் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றவர், இலஞ்சியிலும் ஒரு பெண் வரைகிறாளாமே என்று கேட்டார். பங்களா சமையற்காரர் சொல்லியிருக்கிறார். இலஞ்சியிலிருந்து குற்றாலம் வரும் வழியை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தாளில் வரைந்து, தை மூன்றாம் தேதி கொண்டுவாருங்கள் என்று முடித்துவிட்டார்.

அது முத்துவடிவு என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடல் தாண்டிப் படித்தவளுக்கு இவளா போட்டி? சிரிப்பு அவள் வரைவதை நேரில் பார்க்கும்வரைதான் நீடித்தது.

குத்தாலிங்கம் பிள்ளைக்கு அம்மை கண்டதில் பார்வை மங்கிப்போயிருந்தது. மூக்கருகில் பிடித்தால்தான் எதுவும் தெரியும். பயிர் பார்க்க அவர் வயலில் இறங்கும்போது முத்துவடிவு பின்னாலேயே போவாள். எந்தப் புலத்தில் என்ன பயிர், எந்த வரப்பு இடிந்திருக்கிறது என்று சொல்வாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வயலின் எல்லையையும் காட்டும் புலப்படங்களையும் அவளே வரைவாள். ஆறு வருஷமாக அந்த ஊர்க் கணக்கில் ஓடியது அவள் கைதான். ஊருக்கே தெரியும், தாலுகா ஆபீசுக்குத் தெரியாது. படம் வரைந்து மிஞ்சிய நீலம், மஞ்சள், சிவப்பு என மூன்று வர்ணக்கட்டிகளை வைத்துக்கொண்டு, தனக்காகவும் வரையத் தொடங்கியிருந்தாள்.

“வா, சேந்தே நடப்போம்” என்று அவள்தான் கூப்பிட்டாள். காலையில் கிளம்பினோம். மலை பாதிக்கு மேல் பனியில் மறைந்திருந்தது. பிசான நெற்பயிர் கதிர் விடுமுன் பொதி கட்டும் பருவம். சிற்றாற்றங்கரைத் தென்னைகளுக்குக் கீழே உட்கார்ந்து நான் என் இருபத்துநாலு வர்ணப் பெட்டியைத் திறந்தேன். அவள் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

முதலில் பேனாக் கோடு, அதன்மேல் வர்ணம். இருவருக்கும் அதுதான் முறை. நான் தூரிகையை வைத்ததும் என் சீமைப் பேனா மை கரைந்து மலையெல்லாம் அழுக்காயிற்று. அவளுடைய கோடு அசையவில்லை. அவள் போட்டிருந்தது வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மை. ஆனால் என்னைக் குத்தியது மை அல்ல, கோடு. வரப்பு எங்கே வளைகிறது, மடை எங்கே திறக்கிறது, எந்த வயல் எதைவிட ஒரு சாண் தாழ்வு என்று கால் அறிந்ததைக் கை எழுதிக்கொண்டு போனது. மூன்று வர்ணத்தில் அவள் பனியைக் கொண்டுவந்தாள். என் தாளில் எந்த நாட்டில் வேண்டுமானாலும் இருக்கக்கூடிய ஒரு மலையும் நாலு மரமும் இருந்தன.

அன்று சோறு இறங்கவில்லை. அவள் விரல்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காய்ச்சலாவது வரட்டும் என்றுகூட நினைத்தேன். வரவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு அந்த மையைக் கேட்டேன். பொங்கல் அன்றைக்குப் புதிதாகக் காய்ச்சி, அன்னபேதி உப்பு போட்டு, ஒரு சின்னப் புட்டியில் கொடுத்தாள்.

மறுநாள் தனியாகப் போய் வரைந்தேன். மை தாளில் சாணித் தண்ணீர் மாதிரி வெளுப்பாக விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் கலந்து கொடுத்திருக்கிறாள், நான் ஜெயித்துவிடுவேன் என்ற பயம் என்று முடிவு கட்டினேன். அவளுடைய அந்தப் பயத்தில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. விடுவேனா என்று ஒவ்வொரு கோட்டையும் மூன்று தடவை, நான்கு தடவை அழுத்தி எழுதி, மேலே வர்ணமும் தீட்டி முடித்தேன்.

மூன்றாம் தேதி காலை தாளை எடுத்தால் மலை, வயல், மரம் எல்லாம் அண்டங்காக்கை நிறம். சட்டியின் அடிக்கரியை வழித்துப் பூசியதுபோல் இருந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு நேரே இலஞ்சிக்குப் போனேன். அவள் முற்றத்தில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். தாளை விரித்துக் காட்டினேன்.

“புது மை விடியும்போதுதான் கறுக்கும்” என்றாள். “ஒரு தடவ எழுதிட்டு விட்டிருக்கணும்.”

“ஏன் சொல்லலை?”

அவள் கூந்தலை முடிந்துகொண்டாள்.

“சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துது. நீ அந்தப் பெட்டியத் தொறந்து வச்சிக்கிட்டு, ரங்கூன்ல அப்படி, பினாங்குல இப்படின்னு பேசிக்கிட்டே இருந்தே பாரு. ஏட்டி, நான் செங்கோட்டையத் தாண்டுனதில்ல. போனா போகட்டும்னு விட்டுட்டேன்.”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என்னை ஒருத்தி இப்படிப் பார்த்து வெந்திருக்கிறாள் என்பது எனக்கு விசித்திரமான ஆறுதலாக இருந்தது. “இன்னைக்கு நீயும் வருதியா?” என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

குத்தாலிங்கம் பிள்ளை தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு பங்களாவுக்குக் கூடவே வந்தார். மிஸ் சாக்கோ என் கறுப்பு மலையை மரியாதையாகப் பார்த்துத் தள்ளி வைத்தார். முத்துவடிவின் தாளை எடுத்தவர் வெகுநேரம் கீழே வைக்கவில்லை. இந்தக் கால்வாய் எங்கே போகிறது, இந்த மேட்டில் என்ன பயிர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் விடை இருந்தது. அடுத்த வாரம் கிளம்ப முடியுமா என்றார்.

கணக்கப்பிள்ளை குறுக்கே வந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கமில்லை, ஏதோ விளையாட்டுக்கு வரைந்தாள் என்றார். உண்மைக் காரணம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவள் போனால் தை மாதத்து வரப்பில் அவர் ஒரு புலத்தைக்கூடப் பார்க்க முடியாது. முத்துவடிவு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிஸ் சாக்கோ என் பக்கம் திரும்பினார். பழைய படங்கள் நன்றாகத்தானே இருந்தன, நீ வருகிறாயா என்றார்.

இப்படிக் கிளம்பத்தானே மூன்று மாதமாகத் தவித்தேன். ஆனால் அவள் போக முடியாமல் விட்ட இடம் அது. ஒவ்வொரு மலையின் முன்னாலும் உட்கார்ந்து, முத்து வரைந்திருந்தால் எப்படி இருக்கும் என்று அந்த அம்மாள் நினைப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் பொறாமைக்கே அது பொறுக்கவில்லை. கணக்கப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டேன்.

“அண்ணாச்சி, அவளை அனுப்புங்க. ஒங்ககூட ஒரு வருஷம் நான் நடக்கேன். படமும் நானே போடுதேன்.”

“ஒனக்குப் புலப்படம் போடத் தெரியுமாம்மா?”

“தெரியாது. கெளம்புறதுக்குள்ள அவ காட்டித் தரட்டும்.”

அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “அவளுக்கு ஆசையிருக்கா?” என்று கேட்டார். ஆறு வருஷத்தில் அதை அவர் அவளிடம் கேட்டதில்லை போலும். “நீங்களே கேளுங்க” என்றேன். கேட்டார். அவள் தலையாட்டினாள்.

எங்கள் வீட்டில் நடந்த கூத்தை எழுதப்போவதில்லை. முத்துவடிவு தை பதினொன்றாம் தேதி கிளம்பினாள். மாதம் ஒரு கடிதம் வருகிறது, ஓரத்தில் ஒரு சின்னப் படத்தோடு. அண்ணாச்சிக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டுவேன். படத்தை மட்டும் இரண்டு நாள் கழித்துத்தான் பார்ப்பேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக இருந்து தொலைக்கிறது.

நேற்று பக்கத்து ஊரான ஆயிரப்பேரியின் எல்லையில் ஒரு புலம் முடித்தோம். நான் போட்ட படத்தை அவர் மூக்கருகில் பிடித்து மெதுவாகப் பார்த்தார்.

“முத்து இந்த வரப்ப இப்படிப் போடமாட்டா” என்றார்.

தாளை வாங்கி, மறுபடி வரப்பில் இறங்கி நடந்தேன்.