மடித்து வரைந்த பானை

எழுபதுகளின் கடைசியில் டில்லியில் தொல்பொருள் அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். தோண்டியெடுத்த பானைகளை அளந்து, அறிக்கைக்காக வரைவது வேலை. ப்ரொபேஷன் முடிய ஒரு மாதம் இருக்கும்போது செய்த தப்பு இது.

புதிய கற்காலக் குழி ஒன்றிலிருந்து ஒரு பானை உடையாமல் வந்திருந்தது. வலப்பக்கம் கொஞ்சம் சப்பை. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் என் ஐந்து மாதக் குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இடப்பக்கத்தை மட்டும் அளந்து வரைந்தேன். டிரேசிங் பேப்பரை நடுவில் மடித்து, அதே கோட்டை மறுபக்கமும் இழுத்துவிட்டேன். பானை லட்சணமாக வந்திருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்த அந்தப் படத்தை வைத்துத்தான் எங்கள் அதிகாரி சுவாமிநாதன் சார் அறிக்கையில் 'சக்கரத்தில் செய்தது' என்று எழுதினார். சக்கரம் பிற்பாடு வந்தது; அப்படி எழுதினால் பானையின் காலமே மாறிவிடும். அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது.

பானை ஓடுகளைக் கழுவும் முனியம்மாக்கா, தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பிலிருந்து வருவார். பானையைப் பெட்டியில் வைக்கும்முன் உள்ளே கையை விட்டார்.

"தங்கச்சி, இங்க தொட்டுப் பாரேன். வெரலு வெரலா குழி இருக்குது. இது சுத்துனது இல்ல, கையால புடிச்சது. ஒரு கையில புள்ளைய வச்சுக்கிட்டே புடிச்சிருப்பா போல. அதான் இந்தப் பக்கம் சப்பையாப் போச்சு."

நானும் கையை விட்டேன். என் விரல்கள் அந்தக் குழிகளில் அப்படியே உட்கார்ந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்றைக்கோ ஒரு கை அழுத்திய தடத்தை நான் ஒரு பஸ்ஸுக்காக அழித்திருந்தேன்.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டுவிட்டு, மறுநாள் காலை சாரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் பானையை வாங்கி உள்ளே தடவிப் பார்த்தார். "நானும் பானையைத் தொடாம, படத்தைப் பார்த்தே எழுதிட்டேனேம்மா. அச்சா, தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். பிரஸ்ல நான் பேசிக்கறேன். ஜல்தி வேண்டாம், நிதானமா வரை."

"முனியம்மாக்கா சொல்ற மாதிரி, கையில குழந்தை இருந்திருக்குமா சார்?"

"குழந்தை இருந்துச்சான்னு பானை சொல்லலை. கை இருந்துச்சுன்னு சொல்லுது. அதை வரைம்மா."

திரும்ப அளந்து வரைய மூன்று நாள் ஆயிற்று. சப்பைப் பானை சப்பையாகவே அச்சானது. என் வேலையும் நிலைத்தது.

புதிதாக வரைய வருகிறவர்களே, அந்தப் பானையைச் செய்தது ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் விட்டுப்போனது அந்தச் சப்பை ஒன்றைத்தான். தயவுசெய்து அதை நிமிர்த்திவிடாதீர்கள்.