பேசிக்கொண்டே வந்த பயணம்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு மின்சார வாடகைக் காரில் போனேன். பருத்திப்பட்டைத் தாண்டுவதற்குள் ஓட்டுநர் ஆறு முறை கொட்டாவி விட்டார். ஏழாவதில் அவர் கண் செருகி, கார் பக்கத்து லாரியை நோக்கிச் சாய்ந்தது. நான் அலறியதில் விழித்துக்கொண்டார்.

"ஓரமா நிறுத்திக் கொஞ்சம் தூங்குப்பா."

"வண்டி நின்னா கம்பெனிலேர்ந்து போன் வரும் நைனா. முன்னல்லாம் சார்ஜ் ஏற நேரமாவும், தூங்கிக்குவேன். இப்ப சட்டுனு ஏறிடுது. நீ பேசிகினே வா, போதும்."

பேசினேன். பேச எதுவும் இல்லாதபோது விளக்குக் கம்பங்களைச் சத்தமாக எண்ணினேன்.

இறங்கும்போதே அவருக்கு அடுத்த சவாரி வந்துவிட்டது. கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"சாத்து நைனா, லேட்டாவுது."

சாத்தினேன். வேறென்ன செய்ய முடியும்?

இப்போதெல்லாம் சத்தமில்லாமல் ஒரு கார் கடந்தால், ஓட்டுநரோடு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறேன். கண்ணாடி கறுப்பாக இருக்கிறது.