இல்லாத ஆற்றுக்கு ஏழு மதிப்பெண்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலோரத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர் லத்தீஃபா. தேங்காய் மண்டி வைத்திருந்த ஹபீப் முகம்மதுவின் மூத்த மகள். கணவர் மூஸா ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவர் முகத்தைக் கணினித் திரையில் பார்ப்பதற்காகவே லத்தீஃபா பிரவுசிங் சென்டருக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தார். கணவருக்காகக் காத்திருந்த அரைமணி நேரத்தில் தற்செயலாக ஒரு தமிழ் அகராதி திரையில் விரிந்தது. மூஸா இணைப்பில் வந்தபோது, "கொஞ்சம் பொறுங்க, ஒரு சொல்லு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாராம். மூஸா அதைப் பல ஆண்டுகள் சொல்லிக் காட்டினார்.

பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. இணைய இணைப்பும் இருந்தது. ஆனால், ஆயுதபூசையன்று வைத்த சந்தனப் பொட்டு அடுத்த ஆயுதபூசை வரை கலையாமல் அவை உறைக்குள் கிடந்தன. லத்தீஃபா வாரம் ஒரு பாடவேளை அந்த அறையைக் கேட்டு வாங்கினார். பத்தாம் வகுப்பு மாணவர்கள் கணினிக்கு நால்வராக அமர்ந்து அகராதி பார்த்தனர். செயற்கைக்கோள் படத்தில் தம் தெருவைத் தேடினர். எதை எங்கே பார்த்தோம் என்று குறித்துக்கொள்ளப் பழகினர். 2009ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வு வரை இது தடையின்றி நடந்தது.

அத்தேர்வில் 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை. விடைத்தாள்களைத் திருத்தியவர் வேறொரு பள்ளியின் ஆசிரியர். நாற்பது மாணவர்கள் கைடில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதி, எட்டுக்கு ஏழு பெற்றிருந்தனர். அனுசுயா மட்டும் மூன்று.

அனுசுயாவின் தந்தை காயாரோகணம் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை செய்தார். தொலைபேசியில் அவர் மகளிடம் முதலில் கேட்பது, ஊரில் இன்று வாடையா, கொண்டலா என்பதுதான். வீட்டில் பேசும் சொல்லைத் தேர்வுத்தாளில் எழுதலாமோ என்று தயங்கிய பெண், அக்காற்றுப் பெயர்களை அகராதியில் கண்டபின் துணிந்தாள். எந்தக் காற்றில் படகு போகும், எந்தக் காற்றில் போகாது என்று இரண்டு பக்கம் எழுதி, இறுதியில் 'சொற்பொருள்: இணைய அகராதி' என்றும் குறித்திருந்தாள். அவ்வரியைச் சிவப்பு மையால் சுழித்து, 'பாடத்தில் இல்லாதது' என்று எழுதியிருந்தார் திருத்தியவர்.

தலைமையாசிரியர் தங்கையன், லத்தீஃபாவை அழைத்தார்.

"கம்ப்யூட்டர் கணக்குக்கும் சயின்ஸுக்கும் வந்தது டீச்சர். தமிழுக்கு என்னத்துக்கு? பாருங்க, புள்ள மூணு மார்க் வாங்கியிருக்கு."

"நம்ம ஊருல ஆறு எங்க சார் ஓடுது?"

"ஆறா?"

"நாப்பது பேரு எழுதியிருக்காங்க. ரெண்டு கரையிலயும் நெல்லு வெளையுதாம். தெனம் அதுலதான் குளிக்கிறாங்களாம். எடத்தக் காட்டுங்க, நானும் ஒருநாள் போய் முழுகிட்டு வர்றேன்."

தங்கையன் சிரிக்கவில்லை. "கைடு எழுதுனவரு திருவையாத்துக்காரரு. அவரு ஊருல ஓடுது."

"எழுதுனது நம்ம புள்ளைங்க சார்."

"பப்ளிக்லயும் இப்படி மூணு வாங்குனா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

மறுநாள் அலுவலக உதவியாளர் ரெத்தினம் சுற்றறிக்கைப் பதிவேட்டை வகுப்புக்குக் கொண்டுவந்தார். தமிழ்ப் பாடவேளைகளில் கணினி அறையைப் பயன்படுத்தக் கூடாது என்றிருந்தது. படித்ததற்கு அடையாளமாக ஆசிரியர்கள் அதில் கையொப்பமிடுவது வழக்கம். வேறெதையும் எவரும் எழுதியதில்லை. பொய்யெழுதியவர்களுக்குப் பாராட்டும் மெய்யெழுதியவளுக்குத் தண்டனையும் என்றால், பிறகு மொழியைக் கற்பிப்பானேன்? லத்தீஃபா பேனாவை எடுத்தார். கையொப்பத்துக்கு மேல் எழுதினார்: 'படித்தேன். ஏற்கவில்லை. இல்லாத ஆற்றுக்கு ஏழு மதிப்பெண். இருக்கும் கடலுக்கு மூன்று. இது இணையத்தின் குற்றமன்று.'

"டீச்சர், இதுல கையெழுத்து மட்டுந்தான் போடுவாங்க" என்றார் ரெத்தினம்.

"எடம் இருந்துச்சு, எழுதிட்டேன். கொண்டு போங்க."

பதிவேடு மற்ற பதினோர் ஆசிரியர்களிடமும் சென்றது. ஒவ்வொருவரும் வழக்கத்தைவிட நெடுநேரம் படித்தனர். மாலையில் அது தங்கையனிடம் திரும்பியது. பக்கத்தைக் கிழிக்க வழியில்லை. 'இதில் நூறு பக்கங்கள் உள்ளன' என்று முதல் பக்கத்தில் அவரே சான்றெழுதி முத்திரையிட்டிருந்தார். அடுத்த மாதம் ஆண்டாய்வு; அதிகாரி முதலில் புரட்டுவது இந்தப் பதிவேட்டைத்தான்.

"அந்த வரிய அடிச்சிடுங்க டீச்சர்."

"அடிச்சா பக்கத்துல சுருக்கொப்பம் போடணும். ஏன் அடிச்சேன்னும் எழுதணும். எழுதவா சார்?"

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

"வாப்பா அனுப்பல சார்."

ஆய்வுக்கு முன் அந்த மறுப்புக்குப் பதில் பதிவேட்டிலேயே இருந்தாக வேண்டும்; மூன்றாம் நாள் அடுத்த சுற்றறிக்கை வந்தது. 'முந்தையது விலக்கிக்கொள்ளப்படுகிறது. பத்தாம் வகுப்புத் தமிழுக்கு வியாழன் ஏழாம் பாடவேளையில் கணினி அறை ஒதுக்கப்படுகிறது.' லத்தீஃபா கையொப்பம் மட்டும் இட்டார். அனுசுயாவின் மதிப்பெண்ணைக் கேட்டபோது, அடுத்த பள்ளிக்காரர் போட்டதில் தாம் கைவைக்க இயலாதென்று தங்கையன் கூறிவிட்டார். அது மூன்றாகவே நின்றது. நன்றி சொல்ல லத்தீஃபாவுக்கு மனம் வரவில்லை. நம்முடையதையே நமக்குத் திருப்பித் தருகிறவருக்கு எதற்கு நன்றி?

வியாழனன்று நாற்பது பேரையும் செயற்கைக்கோள் படத்தைத் திறக்கச் சொன்னார்.

"பரீட்சையில எழுதுனீங்கள்ல, அந்த ஆத்தக் கண்டுபுடிங்க. கெடைக்கிறவரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."

முதலில் சிரித்தார்கள். பிறகு வடக்கே நகர்த்தினார்கள், மேற்கே நகர்த்தினார்கள். தென்னந்தோப்புகளும் உப்பளமும் வந்தன. கால்மணி நேரம் கழித்து, அவர்களில் நஜ்மா என்ற மாணவி மெல்ல எழுந்தாள்.

"டீச்சர், எப்படி நவுத்துனாலும் கடலுதான் வருது."

"அப்ப அத எழுதுங்க" என்றார் லத்தீஃபா.