ஓர் இதழ் குறைந்த பூ

நெசவுக்குப் பேர்போன பிள்ளையார்பாளையத்தில் எல்லாரும் புடவையைப் பார்த்துக்கொண்டிருக்க, என் அக்கா மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கடை ஷட்டரில் வைரஊசிக் கோடு, டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் கட்டம், பஸ் படிக்கட்டின் இரும்புத் தகட்டில் நெல்மணி. புடவையில் வரும் டிசைன் ஒன்றையும் விடமாட்டாள். அவளோடு போனால் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் லேட்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது தெருமுனையில் இருந்த பாதாளச் சாக்கடை மூடி. இரும்பில் வட்டமாக விரிந்த பூ. மூடியைத் தூக்கக் கம்பி விடும் துளை, அதில் ஓர் இதழைத் தின்றிருந்தது.

அந்த வருஷம் அவள் பிளஸ் டூ. டிசைன் படிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்றாள். அப்பா அனுப்ப மாட்டேன் என்றார். அப்பா நெய்தது மாமாவின் தறியில். அதனால் மாமா சொன்னால் கேட்பார்.

"புதுசா ஒரு டிசைன் புடிச்சி குடும்மா," என்றார் மாமா. "பொடவை வித்துப் போச்சின்னா உங்கப்பா கிட்ட நானே பேசறேன்."

ஞாயிற்றுக்கிழமை மூடியின் மேல் காகிதத்தை விரித்தோம். நான் ஓரங்களைப் பிடித்துக்கொள்ள, அக்கா கருப்பு கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். பூ எழுந்து வந்தது.

"இன்னாடி, சாக்கடைக்கு பவுடர் பூசிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார் எதிர்வீட்டு அத்தை.

மாமா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தறியில் மாட்டும் டிசைன் அட்டை அடிக்கக் கொடுத்தார், அப்பா நெய்தார். அவசரத்தில் துளையை யாரும் அடைக்கவில்லை. அரக்குச் சிவப்பில் ஜரிகைப் பூக்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இதழ் இல்லை. எனக்கு அதுதான் ஒரே கொண்டாட்டம்.

சென்னையிலிருந்து வந்த கடைக்காரர் பூவைத் தடவிப் பார்த்தார். "இங்க ஒரு எதழு காணோமே?"

மாமா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "கோயில் தூண்லயே அப்படித்தான் உடைஞ்சி இருக்குதுங்க. தூணாண்ட உக்காந்து நானே வரைஞ்சது. சாமி சொத்த நாம திருத்தக்கூடாது பாருங்க."

கடைக்காரர் புடவையின் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காபித் தட்டோடு நின்ற அக்கா சிரிக்கவில்லை.

"மாமா, அது நம்ம தெரு மூடி. நான் எடுத்து குடுத்தது."

"காலால மிதிக்கிறத கல்யாணப் பொடவைல போடுவாங்களா?" மாமா கடைக்காரரிடம் திரும்பினார். "வெளையாட்டுப் பொண்ணுங்க."

இருவரும் சிரித்தார்கள். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அத்தனை பூவையும் நெய்த அப்பா, வேட்டியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டே, "உள்ள போம்மா," என்றார்.

கடைக்காரர் அதே பூவை எல்லா நிறத்திலும் கேட்டார். தறி ஓய்வில்லாமல் ஓடியது. மாமா அப்பாவிடம் தினமும் பேசினார், ஜரிகையைப் பற்றி. அக்கா பஸ் ஏறி, பக்கத்திலிருந்த ஏனாத்தூர் காலேஜுக்கு பி.காம். படிக்கப் போனாள்.

முதல் நாள் அவளோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். புதிதாக வைத்த ஒரு கேட்டைக் காட்டி, "அக்கா, இதுல மயில் இருக்குது பாரு," என்றேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே மூடியை மிதித்துத் தாண்டிப் போனாள்.

காலேஜ் போனால் கண்ணுக்கு டிசைன் தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அப்படி ஆவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமென்று அங்கிருந்து ஓடினேன்.