பின்சக்கர பிரேக் பேட்

மார்த்தாண்டத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த அவர், நரைத்த, ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்த பிறகே பதில் சொல்வார்.

கோவை ரேஸ் தடத்தில் ஓட்டப்போகும் எங்கள் சின்னக் காருக்குப் பின்சக்கர பிரேக் பேட் வாங்கிவரச் சொல்லியிருந்தார் என் கணவர். மகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் அதே காரில்தான்.

“ரேஸுக்கும் போற வண்டி, பின்சீட்டில பிள்ளையும் இருப்பா அண்ணே. நல்லா இறுக்கிப் பிடிக்கியதா தாங்க.”

“பின்னாடி ரொம்ப இறுகினா வளைவில வண்டி சுத்திரும் மக்கா.”

“அப்போ சாதாரணமானது?”

“ரேஸ்ல சூடேறினா அது பிடிக்காது.”

“நான் எதைத்தான் வாங்க?”

“உங்க மாப்பிள்ளைய ரேஸுக்குப் போகாம நிறுத்துய பேட் நம்மட்ட இல்லியே.”

சிரித்தேன், கண் நிறைந்துவிட்டது. இரண்டு பெட்டிகளையும் என் முன் வைத்துவிட்டு அவர் நகர்ந்துகொண்டார். சாதாரணமானதையே எடுத்தேன்.

இன்று கணவர் கோவையில் ஓட்டுகிறார். அந்தக் கடைக்காரரே ஒரு பெட்டியை என் கையில் திணித்திருந்தால், இப்போது அவரையாவது திட்டிக்கொண்டிருப்பேன்.